புள்ளைய ஹோம்ல போட்டுடுவாங்களா? தர்மபுரி, கிருஷ்ணகிரி பக்கம் குழந்தைகள் பாதுகாப்பு ஆபீஸ்ல உதவி வாங்கறது எப்படி

புள்ளைங்க உதவிக்குன்னு இருக்கற 1098 நம்பருக்கு ஒரு போன் போடுங்கன்னு நம்ம பக்கம் யார்கிட்ட சொன்னாலும் மொத பதில் ஒண்ணுதான், "அய்யோ அதெல்லாம் வேணாம்ங்க, வண்டியில வந்து புள்ளைய கூட்டிட்டுப் போயி ஹோம்ல போட்டுடுவாங்க". இந்த பயத்துலயே அப்பா இல்லாத புள்ளைங்க வூட்டுக்கு வரவேண்டிய காசு வராம கெடக்கு, பத்தாவது படிக்கற பொண்ணுக்கு நிச்சயம் பண்ணது தெரிஞ்சும் அக்கம்பக்கம் வாய் தொறக்கறதில்ல. சட்டத்துல இருக்கறது இதுக்கு நேரெதிர். இளைஞர் நீதிச் சட்டம் 2015னு ஒண்ணு இருக்கு, 2016 ஜனவரில இருந்து நடைமுறைல இருக்கு, அதுல ஆரம்பத்துலயே சொல்லிட்டாங்க, புள்ளைய வளக்கற பொறுப்பு மொதல்ல பெத்தவங்களுக்குத்தான், ஹோம்ங்கறது வேற எந்த வழியும் ஒத்துவரலன்னா கடைசியா. ஆபீஸ்காரங்க வேலைல பெரிய பங்கு புள்ளைய வூட்லயே வெச்சு எப்படி காப்பாத்தறதுங்கறதுதான். ஆனா ஒண்ணு, பிரச்சனை முத்திப்போயி போலீஸ் வரைக்கும் வந்தப்பறம் போனா அவங்க கையில இருக்கற வழியும் கொறஞ்சிடும், அதனால சீக்கிரம் போறதுதான் நல்லது.

யார் யாரு இருக்காங்க

பேரெல்லாம் ஒரே மாதிரி இருக்கறதால ஜனங்க கொழம்பிக்கறாங்க, சுருக்கமா சொல்றேன். மாவட்ட குழந்தைகள் பாதுகாப்பு அலகுன்னு ஒரு ஆபீஸ், ஆபீஸ் வட்டாரத்துல டிசிபியூம்பாங்க, கலெக்டர் மேற்பார்வைல வரும். அங்க ஒரு மாவட்ட அலுவலர், பாதுகாப்பு அலுவலருங்க, நன்னடத்தை அலுவலர், புள்ளைங்ககிட்ட பேசி மனசத் தேத்தற ஆற்றுப்படுத்துநர், ஊர் ஊரா போற களப்பணியாளருங்கன்னு இருப்பாங்க. வூட்டுக்கு வந்து விசாரிக்கறது, அறிக்கை எழுதறது, பண உதவி ஃபைல் நகர்த்தறது எல்லாம் இவங்கதான்.

குழந்தைகள் நலக் குழுங்கறது வேற. தலைவர் ஒருத்தர், உறுப்பினருங்க நாலு பேரு, அதுல ஒரு பெண்ணாவது இருக்கணும். முதல் வகுப்பு மாஜிஸ்திரேட்டுக்கு இருக்கற அதிகாரம் இந்த குழுவுக்கு உண்டு, அதனால புள்ளை யாரு பொறுப்புல இருக்கணும்னு உத்தரவு போடறது இவங்க மட்டும்தான், ஆபீஸ்காரங்களோ போலீஸோ தன்னிச்சையா முடிவு பண்ண முடியாது. கோர்ட் மாதிரி கூண்டு, கருப்பு கோட்டு எதுவும் இருக்காது, மேஜைய சுத்தி உக்காந்து பேசறதுதான். மாசத்துக்கு கொறஞ்சது 20 நாள் உக்காரணும்னு சட்டம்.

குழந்தைக் கல்யாணம்னா மாவட்ட சமூகநல அலுவலர்தான் தடுப்பு அலுவலர். பி.டி.ஓ ஆபீஸ்ல அவங்க ஆளுங்க இருப்பாங்க, ஊர்நல அலுவலருன்னு கேளுங்க. நேரா கலெக்டர் ஆபீஸ் வளாகத்துக்குப் போயி கேட்டாலும் எந்த ரூமுன்னு காட்டிடுவாங்க. ரெண்டு மாவட்டத்துக்கும் தனித்தனி ஆபீஸ், தனித்தனி குழு. 2004ல கிருஷ்ணகிரி பிரிஞ்சப்பறமும் ஊத்தங்கரை, போச்சம்பள்ளி பக்கத்து ஜனங்க சிலர் பழக்கத்துல தர்மபுரி பஸ் ஏறிடறாங்க, அப்படி அலையாதீங்க.

1098க்கு போன் பண்ணா

காசு கெடையாது, ராத்திரி பகல் எப்ப வேணா பண்ணலாம், உங்க பேரு சொல்ல இஷ்டமில்லன்னா சொல்ல வேணாம். 2023ல இருந்து இத அரசாங்கமே நேரடியா எடுத்து நடத்துது, 112ஓட இணைச்சிருக்காங்க, அடிதடி மாதிரி உடனே ஆள் போகணும்னா அந்தப் பக்கம் போயிடும், மத்ததெல்லாம் மாவட்டத்துல இருக்கற ஹெல்ப்லைன் ஆளுங்களுக்கு வரும். மொதல்ல போன் எடுக்கறவங்க நம்ம மாவட்டத்துலயே இருக்கணும்னு இல்ல, அதனால "நம்ம மாரியம்மன் கோயில் தெரு" அப்படின்னெல்லாம் சொன்னா பிரயோஜனமில்ல. மாவட்டம், தாலுகா, பஞ்சாயத்து, ஊரு, அப்பறம் பக்கத்துல இருக்கற ஸ்கூலோ ரேஷன் கடையோ, இந்த வரிசைல சொல்லுங்க. அஞ்செட்டி, சித்தேரி, வத்தல்மலை மாதிரி மலை ஊருன்னா எந்த பஸ் ஸ்டாப்ல எறங்கணும், வண்டி போற ரோடு எது வரைக்கும்னு சேத்து சொன்னா வர்றவங்க அரை நாள் அலையாம வந்து சேருவாங்க. தளி, ஓசூர் பக்கம் புள்ளை கன்னடமோ தெலுங்கோ மட்டும்தான் பேசும்னா அதையும் மொதல்லயே சொல்லிடுங்க. புள்ளைக்கு என்ன வயசு, இப்ப எங்க இருக்கு, யாரு கூட இருக்கு, இன்னைக்கே ஏதாவது நடந்துடுமா, இந்த நாலும் கட்டாயம். ஊர்க் கதை முழுக்க சொல்லவேண்டாம், அவங்களே கேப்பாங்க.

பண உதவி, ஜனங்களுக்கு தெரியாமயே போற விஷயம்

பெங்களூர் பில்டிங் வேலைக்குப் போன எடத்துல அப்பா சாரத்துல இருந்து விழுந்து செத்துட்டாரு, அம்மா நூறு நாள் வேலைக்குப் போறாங்க, பெரிய பையன் எட்டாவதோட நின்னு மாங்கூழ் ஃபேக்டரிக்கோ கோழிப் பண்ணைக்கோ போறான். இந்த மாதிரி வூடு இல்லாத ஊரு நம்ம பக்கம் இருக்கா சொல்லுங்க. இவங்களுக்காகத்தான் மிஷன் வாத்சல்யாங்கற மத்திய அரசு திட்டத்துல நிதி ஆதரவுத் திட்டம்னு இருக்கு, ஒரு புள்ளைக்கு மாசம் 4000 ரூபா, 18 வயசு வரைக்கும். அப்பா செத்தவங்க மட்டுமில்ல, புருஷன் வுட்டுட்டுப் போனவங்க, விவாகரத்து ஆனவங்க புள்ளைங்க, ரெண்டு பேரும் இல்லாம பாட்டி, அத்தை வூட்ல வளர்ற புள்ளைங்க, அப்பாவோ அம்மாவோ உயிருக்கு ஆபத்தான நோயில படுத்திருக்கறவங்க, விபத்துல கை கால் போயி சம்பாதிக்க முடியாதவங்க புள்ளைங்க எல்லாருமே இதுல வருவாங்க. குடும்ப வருமானம் கிராமத்துல வருஷத்துக்கு 72,000, டவுன்ல 96,000க்கு மேல போகக்கூடாது.

இந்த வருமான எல்லைலதான் நெறைய பேரு மாட்டறாங்க. இ-சேவைல வருமானச் சான்று போடறப்ப பக்கத்துல யாரோ சொன்னாங்கன்னு ஒரு லட்சம், ஒண்ணேகால் லட்சம்னு அடிச்சுக் குடுத்துடறாங்க, அதே சான்றை இங்க கொண்டு வந்தா ஃபைல் அங்கயே நின்னுடும். உண்மையான வருமானம் என்னவோ அத வி.ஏ.ஓ.கிட்ட சரியா சொல்லி வாங்குங்க, கையில வந்ததும் தொகைய ஒரு தடவ படிச்சுப் பாருங்க, பழைய சான்று இருந்தா தேதியையும் பாருங்க. அப்பறம் இறப்புச் சான்று, புருஷன் வுட்டுட்டுப் போயிருந்தா கைவிடப்பட்டவர்னு தாசில்தார் தர்ற சான்று, இதுக்கும் இ-சேவைலயே அப்ளை பண்ணலாம். புள்ளையோட ஆதார், உங்க ஆதார், ஸ்மார்ட் கார்டு, ஸ்கூல்ல படிக்கறான்னு ஹெச்.எம். கையெழுத்துப் போட்ட சர்டிபிகேட், போட்டோ, பேங்க் பாஸ்புக். நோய்னா ஆஸ்பத்திரி சீட்டு, தர்மபுரி மெடிக்கல் காலேஜ்லயோ கிருஷ்ணகிரி மெடிக்கல் காலேஜ்லயோ பாத்த டிஸ்சார்ஜ் பேப்பர் இருந்தா ரொம்ப நல்லது. ஆதார்ல ஒரு பேரு, ஸ்கூல்ல ஒரு பேரு, இன்ஷியல் மாத்தம்னு இருந்தா மொதல்ல அத சரி பண்ணிட்டு வாங்க, இல்லன்னா காசு சாங்ஷன் ஆகியும் அக்கவுண்ட்ல ஏறாது. அதே மாதிரி அக்கவுண்டோட ஆதார் லிங்க் ஆகியிருக்கான்னு பேங்க்ல ஒரு வார்த்தை கேட்டுடுங்க.

மனு குடுத்தப்பறம் வூட்டுக்கு ஒருத்தர் வந்து பாப்பாரு. பாத்திரம் பண்டம் எல்லாம் ஒளிச்சு வெக்கவேண்டாம், டிவி இருக்குன்னு யாரும் ரிஜெக்ட் பண்ணப் போறதில்ல. பையன் ஸ்கூல் போறானா, யாரு சமைக்கறா, ராத்திரி புள்ளைங்க யாரு கூட படுக்குது, இப்படித்தான் கேப்பாங்க, உள்ளத உள்ளபடி சொல்லுங்க. அப்பறம் மாவட்டத்துல இதுக்குன்னே இருக்கற ஒப்புதல் குழுல வெச்சு முடிவு பண்ணுவாங்க. பணம் இருக்கற அளவுக்குத்தான் சாங்ஷன்ங்கறதால மனு குடுத்த எல்லாருக்கும் உடனே கெடைச்சிடாது, மாசாமாசம் ஒண்ணாந் தேதி வராம நாலஞ்சு மாசம் சேந்து மொத்தமா வர்றதும் உண்டு, அதனால இத நம்பி வட்டிக்கு வாங்காதீங்க. புள்ளை ஸ்கூல வுட்டு நின்னுட்டா உதவியும் நிக்கும், இது ரொம்ப முக்கியம். 2025 செப்டம்பர்ல தமிழ்நாடு அரசு அன்புக் கரங்கள்னு ஒண்ணு ஆரம்பிச்சது, அதுல ரெண்டு பேரும் இல்லாத புள்ளைங்களுக்கும், ஒருத்தர் இறந்து இன்னொருத்தர் பராமரிக்க முடியாத நெலமைல இருக்கற புள்ளைங்களுக்கும் மாசம் 2000. உங்களுக்கு எது பொருந்தும்னு ஆபீஸ்லயே கேளுங்க. நடுவுல "நான் வாங்கித் தரேன், ரெண்டாயிரம் குடு"ன்னு எவனாவது வருவான், பத்து பைசா குடுக்காதீங்க, அப்ளிகேஷனுக்கு ஃபீஸே கெடையாது.

வூட்ல வெச்சுக்க நெஜமாவே வழியில்லன்னா சொந்தக்காரங்க இல்லாத வேற குடும்பத்துல வளக்கற ஏற்பாடும் இருக்கு, அதுக்கும் உதவித்தொகை உண்டு, நம்ம பக்கம் ஜனங்களுக்கு இன்னும் பழக்கமாகல. படிப்பு நின்னுபோன பொண்ணுன்னா கஸ்தூரிபா காந்தி பாலிகா வித்யாலயா உண்டு உறைவிடப் பள்ளி ரெண்டு மாவட்டத்துலயும் இருக்கு, சாப்பாடு தங்கறது படிப்பு எல்லாம் இலவசம். ஹோம்னு சொன்னா பயப்படறவங்ககூட ஹாஸ்டல்னு சொன்னா ஒத்துக்கறாங்க.

கல்யாணம் நிச்சயமாயிடுச்சுன்னு காதுல விழுந்தா

இதுல நம்ம ரெண்டு மாவட்டத்துக்கும் நல்ல பேரு இல்ல, சொல்லவே வேணாம். ஏன் பண்றாங்கன்னும் தெரியும், அப்பா அம்மா பெங்களூர்லயோ கேரளாவுலயோ வேலைல இருப்பாங்க, வயசுப் பொண்ணு பாட்டி கூட தனியா இருக்கா, ஏதாவது ஆயிடுமோன்னு பயம், அக்கா பையனோ தாய்மாமனோ ரெடியா இருக்கான், முடிச்சுடுவோம்னு முடிச்சுடறாங்க. கெட்டவங்க பண்றாங்கன்னு பேசிட்டுப் போயிட்டா ஒண்ணும் ஆகாது.

பொண்ணுக்கு 18, பையனுக்கு 21. மண்டபத்துல தாலி கட்டற நேரத்துல போலீஸ் வந்து நிறுத்தறது கடைசி கட்டம், எல்லாருக்கும் அசிங்கம், பொண்ணுக்குத்தான் அதிகம். ஒரு மாசம் முன்னாடி தகவல் போனா ஊர்நல அலுவலரும் குழந்தைகள் பாதுகாப்பு ஆபீஸ் ஆளும் சத்தமில்லாம வூட்டுக்கு வந்து பெத்தவங்ககிட்ட பேசி, எழுதி வாங்கிட்டுப் போயிடுவாங்க, ஊருக்கே தெரியாது. கேக்கலன்னா மாஜிஸ்திரேட்கிட்ட தடை உத்தரவு வாங்கலாம், அதையும் மீறி கட்டி வெச்சா அந்தக் கல்யாணமே செல்லாது. பண்ணி வெச்சவங்களுக்கு, அதாவது பெத்தவங்க, மாப்பிள்ளை, முன்னாடி நின்னு நடத்தினவங்களுக்கு ரெண்டு வருஷம் வரைக்கும் ஜெயில், ஒரு லட்சம் வரைக்கும் அபராதம்னு 2006 சட்டம் சொல்லுது, பெண்களுக்கு மட்டும் ஜெயில் தண்டனை கெடையாது.

போன் பண்ணும்போது பொண்ணு எந்த ஸ்கூல், எந்த கிளாஸ்னு சொன்னாலே போதும், வயச ரெக்கார்டுல பாத்துக்குவாங்க. தேதி தெரியாட்டியும் பரவால்ல, பத்திரிகை அடிச்சிருந்தா ஒரு போட்டோ. கோயில்ல வெக்கப்போறாங்களா, இல்ல பார்டர் தாண்டி கர்நாடகா, ஆந்திரா பக்கம் கூட்டிட்டுப் போறாங்களான்னு ஏதாவது காதுல விழுந்திருந்தா அதையும் சொல்லுங்க, நம்ம பக்கம் அது சாதாரணமா நடக்குது.

பெத்தவங்ககிட்ட நீங்களே பேசறதா இருந்தா ஜெயில்னு ஆரம்பிக்காதீங்க, ஒடனே மறைச்சுப் பண்ணிடுவாங்க. ஆறாவதுல இருந்து பன்னெண்டாவது வரைக்கும் அரசுப் பள்ளியில படிச்ச பொண்ணு காலேஜ் போனா புதுமைப்பெண் திட்டத்துல மாசம் 1000 வருது, இதச் சொல்லுங்க. ஏற்கனவே கல்யாணம் ஆகி பொண்ணு மாசமா இருந்தா விஷயம் இன்னும் சிக்கல், ஏன்னா 18க்கு கீழ இருக்கற பொண்ணு மனைவியாவே இருந்தாலும் ஒடலுறவு வெச்சா அது குற்றம்தான்னு சுப்ரீம் கோர்ட் 2017ல சொல்லிடுச்சு, ஆரம்ப சுகாதார நிலையத்துல வயசு தெரிஞ்சதும் டாக்டர் போலீஸுக்கு சொல்லித்தான் ஆகணும். இதுக்கு பயந்து ஆஸ்பத்திரிக்கே போகாம வூட்லயே பிரசவம் பாக்கறது கேஸைவிட ஆபத்து, பதினாறு வயசு ஒடம்பு தாங்காது. ஆஸ்பத்திரிக்கு கூட்டிட்டுப் போங்க, கேஸ் பக்கம் பாத்துக்க மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுல பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் வருமானம் பாக்காம இலவசமா வக்கீல் தருவாங்க, போன் நம்பர் 15100. அந்தப் பொண்ணுக்கே கல்யாணம் வேண்டாம்னு தோணுச்சுன்னா 20 வயசு ஆகறதுக்குள்ள கோர்ட்ல ரத்து பண்ண கேக்கலாம், மைனராவே இருந்தாலும் பெரியவங்க மூலமா கேக்கலாம்.

தனியா திரியற புள்ளை, கைக்குழந்தை

ஓசூர் பஸ் ஸ்டாண்ட்லயோ மொரப்பூர் ரயில்வே ஸ்டேஷன்லயோ ஒரு பையன் பையோட தனியா உக்காந்திருந்தா வூட்டுக்கு கூட்டிட்டுப் போயி சாப்பாடு போட்டு ரெண்டு நாள் வெச்சுக்கலாம்னு நல்ல மனசுல நெனைக்காதீங்க. 24 மணி நேரத்துக்குள்ள 1098க்கோ போலீஸுக்கோ குழுவுக்கோ சொல்லியாகணும், சொல்லலன்னா அதுவே குற்றம். அவங்களும் பயண நேரம் போக 24 மணி நேரத்துக்குள்ள குழு முன்னாடி நிறுத்தணும். குழு உக்காராத நேரம்னா ஒரே ஒரு உறுப்பினர் முன்னாடி நிறுத்தினாலும் செல்லும். வூட்டு அட்ரஸ் தெரிஞ்சா பெத்தவங்கள வரச்சொல்லி பேசி அனுப்பிடுவாங்க, சண்டை போட்டுக்கிட்டு ஓடிவந்த பசங்கள்ல முக்காவாசி இப்படித்தான் திரும்பிப் போகுது.

கைக்குழந்தைய வளக்க முடியலன்னா குழுகிட்ட முறையா ஒப்படைக்கலாம், யாரும் திட்டமாட்டாங்க. மனசு மாறினா திரும்பக் கேக்க ரெண்டு மாசம் டைம் இருக்கு. தொட்டில் குழந்தைத் திட்டம் 1992ல சேலத்துல ஆரம்பிச்சு 2001ல தர்மபுரிக்கும் வந்தது, இங்க பொண் சிசுவ என்ன பண்ணிட்டிருந்தாங்கன்னு வயசானவங்களுக்கு தெரியும். "புள்ளை இல்லாத தெரிஞ்சவங்களுக்கு குடுத்துட்டோம், பத்திரம் எழுதிக்கிட்டோம்"ங்கறது மட்டும் வேணவே வேணாம். முறைப்படி போகாம வெளியாளுக்குக் குடுத்தா மூணு வருஷம் வரைக்கும் ஜெயில், காசு கை மாறினா அஞ்சு வருஷம் வரைக்கும், ஆஸ்பத்திரி ஆளு சம்பந்தப்பட்டா ஏழு வரைக்கும் போகும். தத்தெடுக்கணும்னு ஆசைப்படறவங்க தத்தெடுப்புக்குன்னே அரசாங்கம் வெச்சிருக்கற கேரிங்ஸ் வெப்சைட்ல பதிவு பண்ணனும், 2022 செப்டம்பர்ல இருந்து தத்து உத்தரவு கலெக்டரே தர்றாரு.

தப்பா தொட்டுட்டாங்கன்னு புள்ளை சொன்னா

மொதல்ல நம்புங்க. ஊர்ப் பெரியவங்கள கூட்டி பஞ்சாயத்து பேசி காசு வாங்கி முடிக்கறது போக்சோல ஆகாத காரியம், தெரிஞ்சும் போலீஸுக்கு சொல்லாம இருந்தா நமக்கே ஆறு மாசம் வரைக்கும் ஜெயில் இருக்கு. துணியத் தொவைக்காம எடுத்து வையுங்க, திரும்பத் திரும்ப என்ன நடந்துச்சுன்னு ஆளாளுக்கு கேட்டு புள்ளைய வாட்டாதீங்க. ஸ்டேஷனுக்கு புள்ளைய இழுத்துக்கிட்டு ஓடணும்னு இல்ல, வூட்டுக்கே பெண் போலீஸ் யூனிஃபார்ம் இல்லாம வந்து கேக்கறதுதான் முறை, ராத்திரில ஸ்டேஷன்ல வெக்கக் கூடாது. 24 மணி நேரத்துல குழுவுக்கும் தகவல் போயிடும், கேஸ் முடியற வரைக்கும் கூடவே இருக்க ஒரு ஆதரவு நபர குழுகிட்ட கேட்டு வாங்குங்க, இடைக்கால இழப்பீட்டுக்கும் கேளுங்க, ரெண்டுமே உரிமை. போட்டோவோ பேரோ வாட்ஸ்அப் குரூப்ல போடறவங்க மேலயே கேஸ் வரும்.

குழு முன்னாடி வரச்சொல்லிட்டா

சீட்டு வந்துடுச்சேன்னு பத்து பேர வேன்ல ஏத்திக்கிட்டு போகவேண்டாம். புள்ளைய யாரு நெஜமா பாத்துக்கறாங்களோ அவங்க வரட்டும், பாட்டின்னா பாட்டி. புள்ளைகிட்ட தனியா பேசுவாங்க, அப்ப வெளிய போகச் சொன்னா கோச்சுக்காதீங்க. கிட்டத்தட்ட 15 நாளுக்குள்ள வூட்டு நெலம பத்தின அறிக்கை வரணும், விசாரணை நாலு மாசத்துக்குள்ள முடியணும். அதுவரைக்கும் புள்ளை ஹோம்ல இருந்தா எப்ப பாக்க வரலாம், போன்ல பேசலாமான்னு அன்னைக்கே கேட்டுக்குங்க, போயி பாத்துக்கிட்டே இருங்க, பெத்தவங்க வர்றாங்களா இல்லையாங்கறத கவனிப்பாங்க. உத்தரவோட நகல் கண்டிப்பா வாங்குங்க.

உத்தரவு ஒத்துவரலன்னா 30 நாளுக்குள்ள குழந்தைகள் நீதிமன்றத்துல அப்பீல் போடலாம், வளர்ப்புக் குடும்பம் சம்பந்தப்பட்ட முடிவுன்னா கலெக்டர்கிட்ட. குழுவோட நடவடிக்கைல புகார் இருந்தாலும் கலெக்டர்தான். ஆபீஸ்ல ஃபைல் நகரல, அடுத்த வாரம் வா அடுத்த வாரம் வான்னு இழுக்கறாங்கன்னா திங்கட்கிழமை குறைதீர்க்கும் நாள்ல ஒரு பக்க மனு குடுங்க, அதுல எந்தத் தேதி எந்த ஆபீஸ்ல என்ன குடுத்தோம்னு மட்டும் எழுதினா போதும், மொத மனுவோட ஜெராக்ஸ பின்னாடி குத்திடுங்க. அதனாலதான் மொத நாளே ரெண்டு காப்பி எடுத்துட்டுப் போயி ஒண்ணுல சீல் வெச்சு வாங்கச் சொல்றது. வெச்சுத் தரமாட்டேன்னா ஸ்பீடு போஸ்ட்ல அனுப்பி அந்த ரசீத பத்திரமா வைங்க.